வாசகர் கேள்வி: இண்டக்ஷன் அடுப்பில் சொதி ஏன் விட்டுவிட்டுக் கொதிக்கிறது?

கேள்வி: காஸ் அடுப்பில் சமைத்துப் பழகிய நான் அண்மையில் 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பொன்றை வாங்கினேன். 200 வாட்டில் வைத்தாலும் சொதி சில வினாடிகள் தளதளவென்று கொதிக்கிறது, பின்னர் அடங்குகிறது, மறுபடியும் கொதிக்கிறது, தேங்காய்ப்பால் திரைந்துவிடுகிறது. வெப்பநிலையை 180 பாகையில் வைத்துத் தாளித்தால், கனமான சட்டியில் கடுகு வெடிக்கத் தாமதமாகிறது, மெல்லிய தாச்சியிலோ கருகிவிடுகிறது. அடுப்பில் பழுதா?
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் பழுது எதுவும் தெரியவில்லை. காஸ் அடுப்பின் திருகைக் குறைத்தால் சுவாலை சிறுத்து, சிறிய வெப்பம் தொடர்ந்து கிடைக்கும். இண்டக்ஷன் அடுப்பிலோ, கண்ணாடித் தட்டின் கீழுள்ள சுருள் விரைந்து மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, பாத்திரத்தின் அடியிலேயே மின்னோட்டம் எழுந்து அடி சூடாகிறது. விலை குறைந்த ஒற்றை அடுப்புகள் பலவற்றால் மிகக் குறைந்த வலுவில் இடைவிடாது இயங்க முடியாது. இயங்கினால் உள்ளிருக்கும் மின்னணு ஆளி அளவுக்கு மீறிச் சூடேறும். ஆகவே, உதாரணமாக, 1000 வாட்டில் இரண்டு வினாடி இயங்கி எட்டு வினாடி ஓய்ந்தால் சராசரி 200 வாட் ஆகிறது. திரையில் நீங்கள் காண்பது அந்தச் சராசரி. பால் தாங்க வேண்டியிருப்பது 1000 வாட்டை.

இதற்கு நல்ல துணை அடி தடித்த பாத்திரம்தான். வெப்பத்தை வாங்கி வைத்து மெதுவாக விடுவதால், அந்த ஏற்ற இறக்கம் உணவுக்கு அவ்வளவாகத் தெரியாது. கப்பிப்பாலில் காய்களை நடுத்தர வலுவில் அவித்து முடித்து, அடுப்பை நிறுத்திய பிறகு முதற்பாலை ஊற்றித் துழாவுங்கள். சட்டியில் எஞ்சிய சூடு போதாவிட்டால் மட்டும் சற்று நேரம் மீண்டும் இயக்கலாம். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பின்னரே விடுங்கள்; கொதிக்கும் பாலில் புளி பட்டால் எந்த அடுப்பிலும் திரையும்.

வெப்பநிலை இலக்கங்களைப் பெரிதாக நம்ப வேண்டாம். உணரி கண்ணாடிக்குக் கீழே இருப்பதால், அது அறிவது கண்ணாடியின் சூட்டைத்தான், எண்ணெயின் சூட்டையல்ல. மெல்லிய தாச்சியின் அடி நொடியில் கொதித்தெழ, அந்தச் சூடு கண்ணாடியைக் கடந்து உணரியை எட்டுவதற்குள் கடுகு கருகிவிடும்; அடி வளைந்திருந்தால் தட்டைத் தொடும் இடமும் குறைவதால் தாமதம் இன்னும் கூடும். தாளிப்பதற்கு வலு முறையில் 600 முதல் 800 வாட் வரை வைத்து, எண்ணெய் காயும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். வெறும் தாச்சியை உயர்ந்த வலுவில் ஒருபோதும் சூடாக்காதீர்கள். தண்ணீர் கொதிக்க வைப்பதற்கு மட்டும் 2000 வாட் பொருந்தும். தண்ணீர் 100 பாகையைத் தாண்டாது என்பதால் வேகம் கூடுமே தவிர, அடிப்பிடிக்காது.

காந்தம் ஒட்டும் தட்டையடிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடுப்பின் காற்றுத் துளைகள் மூடப்படாதிருக்க 1500 வாட்டில் இயக்கிப் பாருங்கள். அப்போதும் விட்டுவிட்டு இயங்கினால், அடுப்பை வாங்கிய கடையில் காட்டலாம்.