வீடியோ கேம்களின் விலையும் மதிப்பும்: கேள்வி பதில்

கேள்வி: முழு விலை கொடுத்தவர் குறை சொல்லும் கேமையே மலிவாக வாங்கியவர் கொண்டாடுகிறார். இது எப்படி, ஐயா?

பதில்: விலையைப் பார்த்த உடனேயே, கேம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், காட்சிகள் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில், முழுமை பெறும் முன்பே விற்பனைக்கு விடும் 'ஏர்லி ஆக்சஸ்' முறையில் 2021 டிசம்பரில் வந்த 'வேம்பயர் சர்வைவர்ஸ்' 3 டாலருக்கு விற்றது. பழைய பாணி பிக்சல் படங்கள், தாமாகவே தாக்கும் ஆயுதங்கள். கூட்டம் கூட்டமாக வரும் அரக்கர்களிடம் சிக்காமல் நகர்ந்துகொண்டிருப்பதுதான் நம் வேலை. 60 டாலர் கேமில் இவையெல்லாம் குற்றப்பட்டியலாகியிருக்கும். 3 டாலரில் எளிமை எனப் பெயர் பெற்றன. அதற்காக, மலிவு என்பதால் மட்டுமே அதை மெச்சினார்கள் என்பது அநியாயம்: 2023-இல் 'எல்டன் ரிங்' உள்ளிட்ட பெரிய கேம்களை முந்தி, சிறந்த கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது.

கேள்வி: ஒரு மணி நேர விளையாட்டுக்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து வாங்கலாமா?

பதில்: அந்தக் கணக்கில் எனக்கு மரியாதை இல்லை. 2008-இல் எக்ஸ்பாக்ஸில் 15 டாலருக்கு வந்த 'பிரெய்ட்' கேமை, சில மணி நேரத்தில் முடிந்துவிடும் கேமுக்கு இவ்வளவா என்று பலர் கேட்டார்கள். காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றி விடுவிக்கும் அதன் புதிர்களில் இட்டு நிரப்பியது என்று சொல்ல ஏதுமில்லை. மணிக்கணக்கைக் கேட்டால் தயாரிப்பாளரும் மணிக்கணக்கைத்தான் தருவார். ஒரே வேலையை வரைபடத்தின் நாற்பது மூலைகளில் செய்யச் சொல்லும் கேம்கள் அப்படித்தான் பெருகின.

கேள்வி: மொபைலில் மட்டும் நூறு ரூபாய் கொடுக்கவும் மனம் வருவதில்லையே?

பதில்: அக்கம்பக்கத்தில் இருப்பவை எல்லாம் இலவசமாக இருப்பதே காரணம். 2016-இல் நின்டெண்டோ ஐபோனுக்குக் கொண்டுவந்த 'சூப்பர் மாரியோ ரன்' கேமின் முதல் சில கட்டங்கள் இலவசம். மீதியைத் திறக்க ஒரே முறை 10 டாலர். டிவியில் இணைத்து ஆடும் கன்சோல் கருவிகளில் மாரியோவுக்கு அதைப்போலப் பல மடங்கு தருவது வழக்கமாக இருந்தும், ஆப் ஸ்டோரில் அந்த 10 டாலருக்கு எதிராகப் புகார்கள் குவிந்தன. காசு கேட்கப்போவது தெரியாமல் தரவிறக்கியவர்கள் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்ததிலும் நியாயம் உண்டு.

கேள்வி: அடிக்கடி தள்ளுபடி தந்தால் கேமின் மதிப்பு குறையுமா?

பதில்: குறையும். பாதி விலையை இரண்டு முறை பார்த்தவருக்கு அதுவே உண்மையான விலையாகிவிடுகிறது. முழு விலை அபராதம் போலத் தோன்றும். செக் நாட்டின் வூபே நிறுவனம் இதைத் தவிர்க்கவே, தான் உருவாக்கிய 'ஃபேக்டோரியோ' கேமுக்குத் தள்ளுபடியே கிடையாது என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டது. 20 டாலராக இருந்த விலையை 2018-இல் 30 ஆகவும், பணவீக்கத்தைக் காரணம் காட்டி 2023-இல் 35 ஆகவும் உயர்த்தியது; 2024-இல் வந்த 'ஸ்பேஸ் ஏஜ்' விரிவாக்கத்துக்கும் அதே 35 டாலர்தான். நேற்று வாங்கியவர் இன்று வருந்த வேண்டியதில்லை என்பது அந்த கேமின் மேல் தனி நம்பிக்கையை வளர்த்திருக்கிறது. ஆண்டுக்கணக்கில் மேம்படுத்தப்பட்டு, திரும்பத் திரும்ப ஆடப்படும் கேமுக்கே இந்தப் பிடிவாதம் கட்டுப்படியாகும். ஒரே இரவில் கதை முடிந்துவிடும் கேம் இதைச் செய்தால் கடையிலேயே தூங்கும்.

கேள்வி: புதிதாக வரும் பெரிய கேம்களுக்கு 80 டாலர் விலை இனி வழக்கமாகிவிடுமா?

பதில்: எல்லாருக்கும் அது எடுபடாது. 2025-இல் 'மாரியோ கார்ட் வேர்ல்ட்' கேமை அந்த விலைக்கே நின்டெண்டோ விற்றது. அதே ஆண்டு 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2' கேமுக்கு 80 டாலர் என அறிவித்த மைக்ரோசாஃப்ட், வெளியீட்டுக்கு முன்பே 70-க்கு இறங்கிவந்தது.