போஸ்ட்டாக் தேடுபவர்களுக்கு: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பேட்டரிப் பொருட்களில் பிஎச்டி முடித்து ஜெர்மனியில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, செய்தேன். இப்போது விண்ணப்பங்களைப் படிக்கும் இடத்தில் இருக்கிறேன். ஐரோப்பா பற்றிக் கேளுங்கள்.

திருச்சி, வேதியியல்: அக்கா, 150 பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். வந்த நாலு பதிலும் 'இடமில்லை'தான்.

தம்பி, 150 பேருக்கும் போனது ஒரே மெயில்தானே? அதை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவோம். பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவரின் சமீபத்திய பேப்பர்களையும் உட்கார்ந்து படியுங்கள். அவர் விட்டுவைத்த எந்தக் கேள்வியை உங்கள் ஆய்வுத் திறமை தீர்க்கும் என்று நாலு வரி எழுதுங்கள்.

'இடமில்லை' என்பதற்குப் பல நேரம் 'பணமில்லை' என்றுதான் பொருள். அதனால் உங்கள் சம்பளத்துக்கு வெளியிலிருந்து பணம் தரும் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கத் தயார் என்பதையும் மெயிலிலேயே சொல்லிவிடுங்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப்புக்கு பிஎச்டி முடித்த 4 வருடத்துக்குள் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான், கடைசி நாள் வழக்கமாகச் செப்டம்பரில் வரும். ஆகஸ்டில் போய்க் கேட்டால் எந்தப் பேராசிரியருக்கும் நேரம் இருக்காது. மார்ச்சிலேயே எழுதுங்கள்.

கோவை, மெக்கானிக்கல்: தீசிஸ் கொடுத்துவிட்டேன், வைவா (வாய்மொழித் தேர்வு) பாக்கி. விண்ணப்பிக்கலாமா?

மேரி கியூரிக்குக் கடைசி நாளுக்குள் வைவாவில் தேறியிருக்க வேண்டும். பட்டச் சான்றிதழ் பிறகு வரலாம்.

நெல்லை, இயற்பியல்: ஹோஸ்ட் லெட்டர் (என் லேபில் சேர்த்துக்கொள்கிறேன் என்று பேராசிரியர் தரும் கடிதம்) வாங்கித் தர ஒரு ஏஜென்சி 80,000 ரூபாய் கேட்கிறது.

கொடுக்காதீர்கள். உண்மையான பேராசிரியர் அந்தக் கடிதத்துக்குக் காசு வாங்கமாட்டார்.

வேலூர், பயோடெக்: அமெரிக்க ஜே-1 விசா?

என் எல்லைக்கு வெளியே. சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்தைக் கேளுங்கள்.

சேலம், இயற்பியல்: பரிந்துரைக் கடிதத்தை என்னையே எழுதி வரச் சொல்கிறார் கைடு.

எழுதாதீர்கள். செய்த வேலை, பழகிய கருவிகள், தீர்த்த சிக்கல் எல்லாவற்றையும் ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுங்கள். அதை வைத்து அவர் எழுதட்டும்.

சென்னை, ஓய்வுபெற்ற பேராசிரியர்: காலங்காலமாக நடப்பதுதானே அம்மா, இதில் என்ன தப்பு?

வழக்கம்தான் சார். ஆனால் சிவியும் கடிதமும் ஒரே நடையில் இருந்தால், படிக்கிற எங்களுக்கு இரண்டின் மீதும் நம்பிக்கை போய்விடுகிறது. நல்ல மாணவனே அதில் அடிபடுகிறான்.

அதே பேராசிரியர்: ஒரு கைடுக்கு எட்டு மாணவர்கள். நேரம் எங்கே?

ஐந்து வருடம் உங்கள் லேபில் இரவு பகலாக நின்றவனுக்கு அரை மணி நேரம் தரவேண்டும் சார். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

ஈரோடு: மாதிரி மெயில் அனுப்புங்கள். வேகன்ஸி லிஸ்டும் வேண்டும்.

இதை இன்று ஆறாவது ஆளாகக் கேட்கிறீர்கள். மாதிரி தரமாட்டேன், முதல் பதிலைப் படியுங்கள். வேகன்ஸிக்கு, ஐரோப்பிய ஆய்வு வேலைகள் வரும் யூராக்ஸெஸ் (EURAXESS) தளம் பாருங்கள்.

தஞ்சாவூர், கணிதம்: ஒரு கன்சல்டன்சியில் 'உறுதியான இடம்' என்கிறார்கள். முன்பணம்தான் கேட்கிறார்கள்.

நெல்லைக்குச் சொன்னதேதான். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மதுரை, சிவில்: எனக்கு 38 வயது. குழந்தைக்காக மூன்று வருடம் ஆய்வை விட்டிருந்தேன். இனி முடியுமா?

முடியும் தோழி. மேரி கியூரிக்கு வயது வரம்பே இல்லை. பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வு அனுபவம் 8 வருடத்தைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். குழந்தைக்காக ஆய்வை விட்டிருந்த காலம் அந்தக் கணக்கில் சேராது. எந்த மாதம் விட்டீர்கள், எந்த மாதம் திரும்பினீர்கள் என்று சிவியில் தெளிவாக எழுதுங்கள், மறைக்கவேண்டாம். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.