சுவருக்கு அப்பால் நிழல்

கேள்வி: நகரங்களில் பூங்காக்கள் இருந்தும் வறியவர்கள் வாழும் பகுதிகளில் மரநிழல்கூட இல்லை. அங்கே பூங்கா அமைத்தால் வாடகை உயர்ந்து, அவர்களே வெளியேற நேரிடும் என்கிறார்கள். அப்படியானால் என்னதான் செய்வது?

பதில்: முதலில் தூரக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 300 மீட்டருக்குள் குறைந்தது அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமைவெளி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய மண்டல அலுவலகம் சொல்லும் பொது அளவுகோல். ஆனால் அந்த 300 மீட்டர் வரைபடத்தில் நேர்கோடாக அளக்கப்படுவது. பூங்காவின் பின்சுவரை ஒட்டிக் குடியிருப்பவருக்கு, வாசல் எதிர்ப்புறப் பெருஞ்சாலையில் மட்டும் இருக்குமானால், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரைச் சுற்றி, வாகனங்களுக்கு இடையே சாலையைக் கடந்து போவதுதான் வழி. அவர் கூரையின்மேல் சருகு உதிர்ப்பது என்னவோ அதே பூங்காவின் மரம்தான். பின்சுவரில் ஒரு வாசல் திறக்கப் புதிய நிலம் தேவையில்லை. அந்த வாசல் இருட்டிய பின்னரும், அதாவது அவர்கள் வேலை முடிந்து திரும்பும் வேளையிலும், விளக்கொளியோடு திறந்திருக்க வேண்டும்.

அடுத்தது, சிறிய இடங்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை வைத்து நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரு பகுதி மனைகளில் குப்பையை அகற்றி, புல் விதைத்து, சில மரங்கள் நட்டு, உள்ளே நுழைய இடம்விட்டுத் தாழ்வான மரவேலி அமைத்துப் பராமரித்தார்கள். அவற்றின் அருகே வசித்தவர்களில் மனச்சோர்வை உணர்வதாகக் கூறியோர் 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்தனர். குப்பையை மட்டும் அகற்றிய மனைகளைச் சுற்றி அப்படிக் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. பராமரிப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். மரம் நடும் நாளுக்குப் புகைப்படக்காரர் வந்துவிடுவார். மறுமாதம் தண்ணீர் ஊற்றுகிறவருக்குத்தான் சம்பளம் இராது.

வாடகை பற்றிய அச்சம் நியாயமானதே. நியூயார்க்கில் கைவிடப்பட்ட உயர்நிலை ரயில் பாதையில் 2009-இல் திறக்கப்பட்ட ஹைலைன் பூங்காவைச் சுற்றி நிலமதிப்பு வெகுவாக ஏறியது. அதனால் பசுமையே வேண்டாம் என்பது வெயிலை ஏழைகளுக்கே எழுதிவைப்பதாகும். கவர்ச்சியான ஒரே பெரும் பூங்காவுக்குப் பதிலாகப் பல சிறு பசுமைகளைப் பரவலாக அமைப்பது விலையேற்றத்தை ஓரளவு தணிக்கலாம். எனினும் வாடகை உயர்வுக்கு வரம்பும், குடியிருப்போருக்கு வெளியேற்றத்திலிருந்து சட்டப் பாதுகாப்பும், முதல் செடி நடுவதற்கு முன்பே எழுத்தில் உறுதியாகியிருக்க வேண்டும்.