டேப் ஒட்டாத பொட்டலம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு கட்டும் பொறுப்பு என்னுடையது. போன வருடம் பிரித்துப் போட்ட ஜிகினாத் தாளை மறுநாள் ஒரு காட்டுமாடு மென்றுகொண்டு நின்றது. இந்த முறை துணியா, பிரவுன் பேப்பரா, எது நல்லது? பொட்டலத்தின் மேலே சோலைக்காட்டுப் பாசியும் பெரணியும் வைக்க ஆசை. மறுசுழற்சித் தாள் என்று விற்பதை நம்பலாமா? நாத்தனார், “கஞ்சத்தனத்துக்கு இப்படி ஒரு பேரா” என்கிறார்.

ம., பண்ணைக்காடு

அன்புள்ள ம.,

நாத்தனாரை விடுங்கள். மறுசுழற்சித் தாளையும் விடுங்கள், அதற்காக வத்தலக்குண்டுக்கு பஸ் ஏற வேண்டாம்.

பாசியை மட்டும் விட மாட்டேன். கொடைக்கானல் மலையில், பண்ணைக்காட்டில் இருந்துகொண்டு இப்படிக் கேட்க எப்படி மனம் வந்தது? சோலைப் பாசி மழையையும் மூடுபனியையும் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அந்தத் தண்ணீர்தான் மஞ்சளாறாகவும் வராக நதியாகவும் இறங்கி வைகைக்குப் போகிறது. 2013 முதல் இந்தக் காட்டின் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம். குடில் ஜோடிக்கிறேன் என்று பாசியை உரித்து வருகிறவர்களை நேரிலேயே திட்டியிருக்கிறேன், நீங்களும் வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் விழுந்து கிடக்கும் சவுக்குக் காய் போதாதா?

அந்த மாடு மென்றது காகிதமே இல்லை. பளபளக்கும் பரிசுத்தாளில் பெரும்பாலானவை அலுமினியம் பூசிய பிளாஸ்டிக். கையில் கசக்கி விட்டுப் பாருங்கள், தானாக விரிந்துகொண்டால் பிளாஸ்டிக். 2022 ஜூலை முதல் நாடெங்கும் தடையான பொருள்களின் பட்டியலில் இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி மேல் சுற்றும் உறை உண்டு. பரிசுத்தாளைப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குகிறார்கள், இது கேள்வி கேட்பாரின்றி மலையேறி வருகிறது.

ஆனால் என் கோபமெல்லாம் செல்லோடேப் மேல்தான். நல்ல காகிதத்தையும் கெடுப்பது அது. டேப் ஒட்டிய பொட்டலத்தைக் கிழிக்காமல் பிரிக்கவே முடியாது. கிழிந்த தாளை மறுபடி எதற்குப் பயன்படுத்துவது? டேப் தொங்கும் தாளைப் பழைய பேப்பர்காரரும் ஓரமாகத் தள்ளுகிறார். கூழாக்கும்போது காகிதம் கரையும், டேப் கரையாது.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். மேலே விட்டத்தில் நூல்கண்டு தொங்கும். பருப்பைத் தாளில் கொட்டி, வாயை மடித்து உள்ளே செருகி, நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்று சுற்றுவார். பிறகு சுண்டுவிரலில் நூலை வளைத்து ஒரு வெட்டு. கத்தரிக்கோலே தேவையில்லை. மூடுபனிக் காலத்தில் தாள் நமுத்துவிடும் என்று கட்டை அடுப்புப் பக்கத்துப் பரணில் அடுக்கி வைத்திருப்பார். டிசம்பரில் பங்களாக்களுக்குப் போகும் சாமானுக்கு மட்டும் பிரவுன் பேப்பர், முடிச்சை மேல்பக்கம் வைத்து ஒரு பூ முடிச்சு. சமையற்காரர்கள் நூலை அவிழ்த்து உருண்டையாகச் சுற்றி, தாளை நீவி மடித்து, அடுத்த முறை பையில் போட்டுக் கொண்டுவருவார்கள். அப்பா அதைத் திரும்ப வாங்கி அதே வீட்டுக்குக் கட்டுவார். இதை யாரும் சுற்றுச்சூழல் என்று சொல்லவில்லை. கஞ்சத்தனம் என்றும் சொல்லவில்லை. (அச்சடித்த தாளில் தின்பண்டம் கட்டக்கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்புத் துறை. அது நியாயம். கேக்கைச் செய்தித்தாளில் சுற்றிவிடாதீர்கள். பென்சில் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது.)

உங்கள் பிள்ளைகளுக்கு இந்த முடிச்சைச் சொல்லிக்கொடுங்கள். டேப்பை அலமாரியில் பூட்டி வையுங்கள். பூக்கட்டுகிறவர்களிடம் வாழைநார் கேட்டாலே தருவார்கள், நனைத்துக் கட்டினால் நூலை விட இறுக்கமாக நிற்கும். முதல் நாள் பாதிப் பொட்டலம் அவிழ்ந்து விழும், விழட்டும்.

கேட்டது துணியா, பிரவுன் பேப்பரா என்றல்லவா? வீட்டில் எது இருக்கிறதோ அது. பழைய துப்பட்டா, கிழிந்த வேட்டியின் நல்ல பாதி, போன வருடக் காலண்டர் தாள். இதற்கென்று மீட்டர் கணக்கில் புதுத்துணி எடுத்தீர்கள் என்று காதில் விழுந்தால், நாத்தனார் பக்கம் சேர்ந்துகொள்வேன்.