ஒரு வேளைக்கு 30 கிராம் புரதம்தான் உடம்பில் சேருமா? சைவப் புரதம் செரிக்காதா?

கேள்வியில் இருப்பது இரண்டு சந்தேகம்: பயறு, பருப்பிலுள்ள புரதம் செரிக்காமல் போய்விடுமா, ஒரு வேளைக்கு 30 கிராமைத் தாண்டினால் மிச்சம் வீணா? இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில்.

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், மார்த்தாண்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். ஜிம்முக்குப் போகிற பையன்கள் கூடக்கூட இந்தக் கேள்விகளும் கூடுகின்றன.

சாளை மீனோ சிறுபயறோ, வயிற்றுக்குள் போனதும் முதலில் அமிலத்தில் மாட்டுகிறது. சுருண்டு கிடக்கிற புரத இழைகள் அங்கே பிரிந்து விரிகின்றன. பெப்சின் என்கிற என்சைம் (செரிமான நொதி) அதைப் பெரிய துண்டுகளாக வெட்டுகிறது. சிறுகுடலுக்கு வந்தால் கணையத்திலிருந்து டிரிப்சினும் அதன் கூட்டாளிகளும் இறங்கி இன்னும் பொடியாக்குகின்றன. குடல் சுவரைத் தாண்டும்போது மிஞ்சுவது புரத இழையின் கண்ணிகளான தனி அமினோ அமிலமும், இரண்டு மூன்று சேர்ந்த குட்டித் துண்டுகளும்தான். அந்தக் குட்டித் துண்டுகளில் பெரும்பாலானவை குடல் செல்லுக்குள்ளேயே உடைந்துவிடும். கல்லீரலுக்குப் போகிற ரத்தத்தில் இருக்கும் அமினோ அமிலத்தைப் பார்த்து இது சாளை, இது பயறு என்று யாராலும் சொல்ல முடியாது.

இது பிடிபட்டால் பாதிச் சந்தேகம் தானாக விழுந்துவிடும். இன்சுலினும் ஒரு புரதம்தான், 51 அமினோ அமிலங்கள் கோத்தது. 1922இல் முதல் நோயாளிக்கு ஊசியில் போட்டார்கள். இன்றைக்கும் எங்கள் தெருவில் ஊசிதான் போடுகிறார்கள். விழுங்கினால் குடலுக்கு அதுவும் ஒரு துண்டு மீன்தான், வெட்டிப்போட்டுவிடும். அப்படியிருக்க ஆட்டுக்கால் சூப் நேரே மூட்டுக்கும், டப்பாவில் வருகிற கொலாஜன் (தோலிலும் மூட்டிலும் இருக்கிற ஒரு புரதம்) பவுடர் நேரே முகத்துக்கும் எப்படிப் போய்ச் சேரும்? ஒன்றிரண்டு குட்டித் துண்டுகள் உடையாமல் ரத்தத்தில் தென்படுவது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு விளம்பரமும். சூப்பை ருசிக்குக் குடியுங்கள், நானும் குடிக்கிறேன்.

30 கிராம் கணக்கு எங்கிருந்து வந்தது? உடற்பயிற்சி முடிந்ததும் தசை கட்டும் வேகம் சுமார் 20, 25 கிராம் புரதத்திலேயே உச்சத்தைத் தொடுகிறது என்று சில ஆய்வுகள் சொன்னன. அது தசை கட்டும் வேகம் பற்றிய பேச்சு. ஜிம் வாசலைத் தாண்டி வெளியே வரும்போது ‘குடல் ஏற்காது’ என்று மாறிவிட்டது. குடல் அவசரப்படாது, வயிறு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழே தள்ளும், கூடுதலாகத் தின்றால் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். போதாததற்கு, சுரக்கும் என்சைமும் உதிரும் செல்லுமாக நம் குடலே தினமும் 50 கிராமுக்கு மேல் சொந்தப் புரதத்தை உள்ளே கொட்டி, பெரும்பகுதியை அதுவே திரும்ப எடுத்துக்கொள்கிறது. 2023இல் வந்த நெதர்லாந்து ஆய்வில் ஒரே மூச்சில் 100 கிராம் கொடுத்துப் பார்த்தார்கள். 25 கிராமைவிட அதிக நேரம், அதிக அளவில் தசையில் சேர்ந்தது.

இனி சைவம். முட்டை, பால், மீன் புரதத்தில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு செரிக்கும். பயறு வகைகளில் 80ஐ ஒட்டி. வித்தியாசம் உண்டு, ஆனால் ‘செரிக்காது’ என்பது எங்கே, இது எங்கே! அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. கஞ்சியும் பயறும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். ஒரே தட்டில் இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை, ஒரு நாளைக்குள் வந்தால் போதும். எங்கள் ஊரில் நிஜமாகக் கவனிக்க வேண்டியது மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை. நூறு கிராமில் புரதம் ஒரு கிராம் இருந்தால் அதிகம். கூட வைக்கிற சாளைக் கறிதான் அந்தச் சாப்பாட்டைக் காப்பாற்றுகிறது. பயறு தின்றால் வருகிற வாயுவுக்கும் புரதம் பொறுப்பில்லை; அதிலுள்ள ராஃபினோஸ் மாதிரி சர்க்கரைகளைப் பெருங்குடல் பாக்டீரியா புளிக்க வைப்பதால் வருவது.

“பச்சை முட்டைல தான் சார் பவர், வேவிச்சா சத்து போயிரும்லா” என்று ஒரு பையன் சாதித்தான். சூடான கல்லில் ஊற்றியதும் வெள்ளைக்கரு கண்ணாடி மாதிரி இருந்தது வெளுத்துக் கட்டிப்படுகிறதே, அது சுருண்ட இழைகள் பிரிகிற வேலை. பிரிந்தால் என்சைம் கடிக்க வசதி. 1998இல் வந்த பெல்ஜிய ஆய்வில் வெந்த முட்டைப் புரதம் 91 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் 51தான். பையன் காசு கொடுத்து வாங்கிய முட்டையில் பாதியைப் பெருங்குடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

அளவு என்று கேட்டால், ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020இல் ஒரு நாளைக்குச் சொன்னது எடைக்குக் கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். கனமாக உடற்பயிற்சி செய்பவர்களுக்கு இன்னும் வேண்டும். மிஞ்சியதைச் சேர்த்துவைக்க உடம்பில் இடமில்லை. நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக்கி, சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். நல்ல சிறுநீரகம் இதைச் சமாளிக்கும். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் ஏற்கெனவே கூடியவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டு அளவை முடிவு செய்யுங்கள், ஜிம் மாஸ்டரிடம் கேட்கிற விஷயம் இல்லை அது.