பாரிஸ் பேரனும் பாட்டி வீட்டுத் தண்ணீரும்

(வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிப்பவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றுப் புதுச்சேரியில் வசிக்கும் குழந்தைநல மருத்துவர்.)

கேள்வி: என் மகன் குடும்பத்தோடு பாரிஸில் இருக்கிறான். டிசம்பரில் வருகிறார்கள். பேரனுக்கு ஐந்து வயது, பேத்திக்கு ஒன்றரை. போன முறை பேரன் வயிற்றுப்போக்கில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதனால் மருமகள், 'பாட்டில் தண்ணீர்தான், வெளியில் எதுவும் கூடாது, கிளம்பும் முன்பே ஊசி' என்று சட்டம் போடுகிறாள். மகனோ, 'நான் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தானே வளர்ந்தேன்' என்கிறான். நாங்கள் என்ன அசுத்தமாகவா இருக்கிறோம்?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அம்மா, உங்கள் வீட்டுச் சுத்தத்தை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வழக்கில் நான் மருமகள் பக்கம்.

உங்கள் மகன் சொல்வது பாதி உண்மை. அந்தத் தண்ணீரோடு சில நோய்களும் அவருக்குச் சிறு வயதிலேயே வந்து போயிருக்கும். ஹெபடைடிஸ் ஏ காமாலை சின்னக் குழந்தைக்கு வந்தால், பல சமயம் கண்கூட மஞ்சளாகாமல் கடந்துவிடும். பிறகு ஆயுளுக்கும் வராது. அந்த எதிர்ப்புச் சக்தியை வீடு, நிலம் போலப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்க முடியாது. டைபாய்டு, பேதி விஷயத்தில் அவருக்கே இப்போது பழைய பலம் இருக்காது. ஊர் பார்க்க வரும் பிரெஞ்சுக்காரர் பயந்துகொண்டு ஊசி, மருந்துப் பை எல்லாவற்றோடும் வருகிறார். 'அம்மா வீட்டுக்குத்தானே போகிறோம்' என்று வருகிறவர்கள் ஒன்றும் செய்துகொள்வதில்லை. டைபாய்டு அதிகம் பிடிப்பது இவர்களைத்தான்.

நானே ஒரு முறை ஏமாந்தேன். துலூஸிலிருந்து வந்த தங்கை மகளுக்குக் கடற்கரையிலிருந்து திரும்பும் வழியில் ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தேன். பாலைக் காய்ச்சித்தானே செய்கிறார்கள் என்று நினைத்தேன். அதில் உடைத்துப் போட்ட ஐஸை மறந்துவிட்டேன். மூன்று நாள் பேதி, அதுவும் ஒரு குழந்தை மருத்துவர் வீட்டில்! தங்கை இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். உறைய வைத்தால் கிருமி சாவதில்லை, கரைந்ததும் விழித்துக்கொள்கிறது.

தண்ணீரைக் காய்ச்சுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். அரை மணி நேரம் வைத்து கேஸை வீணாக்க வேண்டாம். பெரும்பாலும் கெடுவது ஆறிய பிறகுதான். சொம்பை உள்ளே விட்டு, விரல் நனைய மொண்டால் காய்ச்சியது வீண். குழாய் வைத்த பாத்திரத்தில் மூடி வையுங்கள். பல் துலக்கவும் அதே தண்ணீர்தான். கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள், கேனைக் கவிழ்த்து வைக்கும் மண்பானையைக் கடைசியாக எப்போது தேய்த்துக் கழுவினோம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஓட்டலில் ஆவி பறக்கும் இட்லிக்குப் பயமில்லை, சாம்பாருக்கும் பயமில்லை. என் சந்தேகமெல்லாம் தேங்காய்ச் சட்னி மேல்தான். அது அடுப்பைப் பார்ப்பதே இல்லை. பச்சைத் தண்ணீர் விட்டுக் கரைத்து, காலையிலிருந்து திறந்த வாளியில் இருக்கும். வாழைப்பழம், கமலா ஆரஞ்சு என்று நீங்களே தோலுரிக்கும் பழம் கொடுங்கள். வண்டியில் நறுக்கி வைத்த பப்பாளி வேண்டாம்.

ஊசி விஷயத்தை அவர்கள் பாரிஸிலேயே முடிக்கட்டும். டைபாய்டு ஊசி புறப்படுவதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு போட வேண்டும். ஹெபடைடிஸ் ஏ ஊசியை ஒரு வயதுக்குமேல் போடலாம். டைபாய்டு ஊசியில் இரண்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமான வகையும் இருப்பதால், பேத்திக்கு எது பொருந்தும் என்பதை அங்குள்ள மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தும் பேதி வந்தால், பதறாமல் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுங்கள். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் கலந்து குடிக்கக் கொடுத்துத்தான் கூட்டம் கூட்டமாக உயிர்களைக் காப்பாற்றினார். மருந்துக்கடையில் 'உலக சுகாதார நிறுவனச் சூத்திரம்' என்று அச்சிட்ட பொட்டலமாகக் கேட்டு வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் பழ வாசனையோடு வரும் இனிப்புப் பானம் வேண்டாம். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு மட்டும் கூடவே கூடாது. மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை துவண்டாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம்.

இனி கொசு. டிசம்பர் நமக்கு மழை முடிந்தும் முடியாத மாதம், டெங்குக்கு நல்ல காலம். அந்தக் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் முட்டையிடும். அவர்கள் வருவதற்கு முன் கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் குழியைப் பாருங்கள். நம் ஊரில் யாரும் இப்போது அதில் மாவாட்டுவதில்லை, கொசு வளர்கிறது. ஃபிரிட்ஜின் பின் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மாடியில் போட்ட டயர் எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே பல மாதம் காத்திருக்கும். பேத்தி பகலில் தூங்கினாலும் வலை கட்டுங்கள்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென் சிரப்பைப் பாரிஸிலிருந்து கொண்டுவருவார்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை அது பெட்டியிலேயே இருக்கட்டும். மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சல் விட்டதும் பாட்டிகள் தலைக்கு ஊற்றக் கிளம்புவீர்கள். டெங்குவில் அபாயமே அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: வேலைக்காக உகாண்டா போகிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் என்கிறார்கள். மலேரியா மாத்திரையும் வேண்டுமா?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: தம்பி, இரண்டும் வேண்டும். மஞ்சள் காய்ச்சல் ஊசியைச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். சான்றிதழ் பத்து நாள் கழித்துத்தான் செல்லும். ஆகவே விமானத்துக்கு முந்தின நாள் ஓடாதீர்கள். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வைத்திருங்கள். அது இல்லாமல் திரும்பினால் ஆறு நாள்வரை தனிமையில் வைப்பார்கள். நம் நாட்டில் அந்த நோய் இல்லை, ஆனால் அதைப் பரப்பும் கொசு தாராளமாக இருக்கிறது.

அங்குள்ள மலேரியா ஓரிரு நாளில் மூளையைத் தாக்கக்கூடியது. எந்த மாத்திரை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். டாக்சிசைக்ளின் என்றால் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். பலர் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். திரும்பிய பிறகு பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், மருத்துவரிடம் முதல் வாக்கியமே 'நான் உகாண்டாவில் இருந்தேன்' என்பதாக இருக்கட்டும்.

கேள்வி: பாலித் தீவில் குரங்கு கையைக் கீறிச் சிறிது ரத்தம் வந்தது. நான்கு நாளாகிவிட்டது. இனி ஊசி போட்டுப் பயன் உண்டா?
– ஒரு வாசகி, ரெட்டியார்பாளையம், புதுச்சேரி

பதில்: உண்டு. இது அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாதென்று அவருக்கு அன்றைக்கே தனியாக எழுதிவிட்டேன். பாலியில் 2008 முதல் வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) இருக்கிறது; பெயரில் நாய் இருந்தாலும் குரங்கு மூலமும் அது வரலாம். கீறல் பட்ட உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவியிருக்க வேண்டும். ரத்தம் வந்ததால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற தயார் நிலை எதிர்ப்புப் பொருளும் தேவை. மறுநாளே போட்டுக்கொண்டதாகப் பதில் வந்தது. அடுத்த தவணைகளை விட்டுவிடாதீர்கள், அம்மா.