அசலும் வட்டியும்

கேள்வி: பெங்களூர் அல்சூரில் பதினோரு வருடமாக மெஸ் நடத்துகிறேன். அதே தெருவில் இப்போது இன்னும் மூன்று தமிழ்நாட்டு மெஸ் வந்துவிட்டன. வியாபாரத்தில் தனித்துத் தெரிய, அசலாக இருப்பது ஒன்றே வழி என்கிறார் ஆலோசனை சொல்ல வந்த தம்பி. நிஜந்தானா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: எந்த அசல்? தமிழில் மூன்று புழங்குகின்றன. ஒன்று நகலின் அண்ணன். இரண்டாவது, வட்டி போக மிச்சம் நிற்பது. இவை இரண்டும் வேர் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து உருது வழியாக வந்து இறங்கியவை. மூன்றாவது அண்டை அசல், அசலூர் என்கிறோமே, அது. அயலிலிருந்து பிறந்தது. ஆக, 'அசல் செட்டிநாட்டு மெஸ்' என்று நீங்கள் போர்டு மாட்டினால், 'அசலூர்ச் செட்டிநாடு' என்றும் ஒருவர் படிக்கலாம். அல்சூரில் அது பொய்யும் ஆகாது. கடன் வாங்கிக் கடை போட்டவராக இருந்தால் மூன்று அர்த்தமும் ஒரே போர்டில் அடங்கிவிடும். பெயின்டருக்குக் கூலி ஒன்றுதான்.

தம்பி சொல்லும் அசல் எனக்குத் தெரியும். பித்தளை டபரா, சுவரில் யாரோ ஒரு பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம், 'கைப்பக்குவம்' என்று வளைத்து வளைத்து எழுதிய மெனு. நாலு மெஸ்ஸிலும் நாலு பாட்டி தொங்கினால் கதை என்ன ஆகும்? "ரெட்டை மூக்குத்திப் பாட்டி கடையில சாம்பார் தேவலை, கண்ணாடி போட்ட பாட்டி கடையில ரசம் தண்ணி" என்றுதான் தெருவில் பேசிக்கொள்வார்கள். உங்கள் பாட்டிக்கு என்ன அடையாளம் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

பித்தளை டபரா என்றதும் கை அரிக்கிறது. டிகிரி காபி என்ற பெயர், பாலின் தரத்தை டிகிரி பார்த்து வாங்கியதால் வந்தது என்பது என் கட்சி. சிக்கரிதான் வாய்வழக்கில் டிகிரி ஆயிற்று என்பது எதிர்க்கட்சி. அந்தக் கட்சி இந்தப் பக்கத்துக்கு மாதம் ஒரு கடிதமாவது போடுகிறது. போடட்டும். சட்டம் இரண்டு கட்சிக்கும் பொது: கலப்புக் காபிப் பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, சிக்கரி எத்தனை என்று பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். பாக்கெட்டுக்குத்தான் அந்தக் கட்டாயம்; டபராவுக்கு இல்லை. டபரா பாட்டுக்குப் பளபளக்கிறது.

உங்கள் ஊரிலேயே லால்பாக் ரோட்டில் 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். இருக்கிறது. ரவா இட்லி எங்கள் கண்டுபிடிப்பு என்பார்கள்: உலகப் போர்க் காலத்து அரிசித் தட்டுப்பாட்டில் ரவையைப் போட்டு ஒப்பேற்றியது. அதாவது இட்லிக்கு நகல். இன்று அதற்கு நகல் போடாத ஓட்டல் உண்டா? அதே கடை, எமர்ஜென்சியில் சர்க்கார் பலகாரத்துக்கு விலை நிர்ணயித்தபோது, நெய்யைக் குறைக்காமல் அன்றன்றைய நஷ்டத்தை வாசலில் எழுதி வைத்தது என்று அந்தக் காலத்து மனிதர்கள் இன்றும் சொல்வார்கள். பாட்டி படம் மாட்டியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நஷ்டத்தை எழுதுங்கள் என்று உங்களைச் சொல்லவில்லை. வீட்டில் அடி விழும். 'சாம்பாரில் நேற்றைய பருப்பு இல்லை' என்று எழுதிப் போட முடியுமா, பாருங்கள். முடியவில்லை என்றால் காரணம் உங்களுக்கே தெரியும். தம்பிக்குச் சம்பளம் மிச்சம்.

கேள்வியோடு அரைக் கிலோ காபிப் பொடியும் அனுப்பியிருக்கிறீர்கள், உங்கள் கடை லேபிளோடு. நன்றி. மணம் பிரமாதம். சிக்கரி எத்தனை சதவீதம் என்று இருக்க வேண்டிய இடத்தில் முருகன் படம் ஒட்டியிருக்கிறது. கிழித்துப் பார்க்க மனம் வரவில்லை.